லடாக்கை ஏன் இவ்வளவு பெரிதாகப் போடுகிறீர்கள்?

நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் இணைய ஏடுகளிலும் வரைபடம் போடும் நண்பர்களுக்கு,



தேர்தல் முடிவு, பருவமழை, டெங்கு, வேலையின்மை, எழுத்தறிவு என எந்தச் செய்தி வந்தாலும் கூடவே நிறம் பூசிய இந்திய வரைபடம் ஒன்றும் வந்துவிடுகிறது. அதைப் போடுகிறவர்கள் நீங்கள். செய்தியைப் படிக்காமல் பக்கத்தைப் புரட்டிப் போகிறவர்கூட வரைபடத்தில் ஒரு நொடி நிற்கிறார். எந்த நிறம் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்பது அந்த நொடியிலேயே மனதில் பதிந்துவிடுகிறது. பிறகு பக்கத்திலிருக்கும் எண்களைப் படித்தாலும் முதலில் பதிந்தது எளிதில் மாறுவதில்லை. அந்த 'எவ்வளவு இடம்' பற்றித்தான் இந்த மடல்.

உங்களில் பலர் இந்திய வரைபடத்தைக் கூகுள் வரைபடம் பயன்படுத்தும் அதே மெர்க்கேட்டர் முறையில் போடுகிறீர்கள். பெரும்பாலும் அது நீங்கள் யோசித்து எடுத்த முடிவாக இருக்காது. மென்பொருள் அப்படித் திறக்கிறது, அப்படியே அச்சுக்குப் போகிறது. அதில் 34 டிகிரி வட அட்சத்தில் இருக்கும் லடாக்கின் பரப்பு உண்மையைவிட ஏறத்தாழ 1.46 மடங்காக விரிகிறது. 11 டிகிரியில் இருக்கும் தமிழ்நாடு 1.04 மடங்குதான் விரிகிறது. இரண்டையும் ஒப்பிட்டால், தமிழ்நாட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது லடாக் இருக்க வேண்டியதைவிட 40 விழுக்காடு பெரிதாகத் தெரிகிறது. காஷ்மீரும் இமாச்சலத்தின் வடபகுதியும் இதே கணக்குதான். கன்னியாகுமரியிலிருந்து மேலே போகப் போக நாடு கொஞ்சம் கொஞ்சமாக ஊதிக்கொண்டே போகிறது.

நாடாளுமன்றத் தேர்தல் வரைபடத்தில் இது எப்படி விழுகிறது என்று பாருங்கள். லடாக் ஒரே தொகுதி. பரப்பில் நாட்டிலேயே பெரியது. வடசென்னை, தென்சென்னை, மத்திய சென்னை என்று மூன்று தொகுதிகள் இருக்கும் நகரம் அதே வரைபடத்தில் ஒரு புள்ளி அளவுக்குத்தான் வரும். நிலப்பரப்புக்கு நிறம் பூசி வாக்குக் கணக்கைக் காட்டும் முறையிலேயே ஒரு கோணல் இருக்கிறது. ஏற்கெனவே கோணலாக இருக்கும் இடத்தில் நாமே 40 விழுக்காட்டைக் கூட்டித் தருகிறோம்.

இந்தியாவின் எல்லைக்கோட்டில் நீங்கள் எவ்வளவு கவனமாக இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். தவறாகப் போட்டால் சட்டச் சிக்கல் வரும் என்பதால் ஆசிரியர் குழுவில் ஒருவர் உட்கார்ந்து சரிபார்த்த பிறகே அது அச்சுக்குப் போகிறது. அந்தக் கோட்டுக்குள் இருக்கும் நிலத்தின் அளவு சரியா என்று பார்க்க ஆள் இல்லை. எல்லைக்குக் கொடுக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைப் பரப்புக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் கொண்டுவரும் வழியைப் பள்ளியில் 'கோட்டுச்சட்டம்' என்று படித்திருப்பீர்கள். இலங்கையில் எறியம் என்பார்கள். கோளத்தின் மேற்பரப்பை எங்கும் இழுபடாமல் சுருங்காமல் தட்டையாக்கவே முடியாது என்பதைக் கார்ல் ஃபிரெடரிக் காஸ் 1827இல் நிறுவிவிட்டார். ஆகவே பிழையே இல்லாத கோட்டுச்சட்டத்தை யாரும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. எந்தப் பிழையை எங்கே ஒதுக்கி வைப்பது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரரான நிக்கோலா டிசோ இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி கொடுத்தார்: பூமியின் மேல் எங்கும் ஒரே அளவில் சின்னஞ்சிறு வட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொண்டு, அவை தாளில் என்னவாகின்றன என்று பார்ப்பது. மெர்க்கேட்டரில் அவை வட்டமாகவே இருந்துகொண்டு துருவத்தை நோக்கிப் பெருத்துக்கொண்டே போகும். வேறு சில சட்டங்களில் அளவு மாறாமல் நீள்வட்டமாக நசுங்கும். உங்கள் மென்பொருளில் ஒரு தடவையாவது இதைப் போட்டுப் பாருங்கள். பல பக்கம் படித்தாலும் புரியாதது அதில் சட்டென்று புரியும்.

பாடப்புத்தகங்கள் கோட்டுச்சட்டங்களை உருளை, கூம்பு, தளம் என்று பிரித்துத் தொடங்குகின்றன. பூமியைச் சுற்றி ஒரு தாளை உருளையாகவோ கூம்பாகவோ சுற்றுகிறோம், அல்லது ஒரு புள்ளியில் தொட்டபடி தட்டையாக வைக்கிறோம் என்று கற்பனை. படம் வரைந்து காட்ட இது வசதி. ஆனால் வரைபடம் போடுகிறவருக்கு இது இரண்டாவது கேள்வி. மெர்க்கேட்டரும் உருளைதான், பரப்பைத் துல்லியமாகக் காக்கும் லாம்பெர்ட் உருளைச் சட்டமும் உருளைதான். இரண்டும் காட்டும் உலகம் வேறு வேறு. உருளையா கூம்பா என்பது அட்சக்கோடுகளும் தீர்க்கக்கோடுகளும் தாளில் எந்த வடிவில் விழும் என்பதைச் சொல்லும். எதை நம்பலாம் என்பதைச் சொல்லாது.

முதல் கேள்வி: எது மாறாமல் இருக்க வேண்டும்?

பரப்பு மாறக்கூடாதா? அதற்கென்று ஒரு குடும்பம் உண்டு. எந்த இரண்டு நிலத்துண்டுகளை ஒப்பிட்டாலும் தாளில் உள்ள விகிதமும் நிலத்தில் உள்ள விகிதமும் ஒன்றாக இருக்கும். நிறம் பூசும் வரைபடம், புள்ளி அடர்த்தி வரைபடம், காடு எவ்வளவு அழிந்தது, பயிர் எவ்வளவு விளைந்தது என எல்லாமே இந்தக் குடும்பத்தில்தான் வர வேண்டும். இதில் நான் எந்தச் சலுகையும் தரமாட்டேன். ஒரு மாநிலத்தின் மேல் நிறத்தைப் பூசியவுடனேயே அதன் பரப்பை ஓர் எடையாக வாசகர் கையில் கொடுத்துவிடுகிறோம். எடைக்கல் சரியாக இருக்கத்தான் வேண்டும்.

கோணம் மாறக்கூடாதா? அதற்கு உருவம் மாறாச் சட்டங்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: ஒரு கண்டத்தின் முழு உருவத்தை எந்தச் சட்டமும் காப்பாற்றாது. ஒரு தெருமுனை, ஒரு வளைகுடா, ஓர் ஊர் என்ற அளவில் கோணங்கள் சரியாக இருக்கும், அவ்வளவுதான். கடலோடிகளுக்கும் நில அளவையாளர்களுக்கும் வானிலைக்காரர்களுக்கும் இதுதான் வேண்டும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: பரப்பையும் கோணத்தையும் ஒரே சட்டத்தில் முழுமையாகக் காக்க முடியாது. ஒன்றை எடுத்தால் மற்றதை விட்டாக வேண்டும்.

தூரம் மாறாதவை, திசை மாறாதவை என்றும் உண்டு. அவையும் எங்கும் எப்போதும் உண்மை சொல்வதில்லை. ஒரு மையப் புள்ளியிலிருந்து, அல்லது குறிப்பிட்ட சில கோடுகளில் மட்டும் சொல்லும். ஐ.நா. சின்னத்தில் இருக்கும் உலகம் வட துருவத்தை மையமாகக் கொண்ட தூரம் மாறாச் சட்டம். தெற்கே 60 டிகிரி வரை போகிறது. இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஜேம்ஸ் கிரெய்க் எகிப்து நில அளவைத் துறையில் இருந்தபோது 1909இல் வெளியிட்டது. உலகின் எந்த ஊரிலிருந்தும் மக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்பதை அந்தப் படத்தில் நேராக அளந்துவிடலாம். நாடுகளின் உருவம் அதில் விசித்திரமாக வளையும். தொழுகைக்குத் திசை பார்க்கிறவருக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. ஒரே ஒரு தேவைக்காக மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

இந்த முதல் கேள்விக்கு விடை கிடைத்த பிறகுதான் உருளை, கூம்பு, தளம் வருகின்றன. அங்கே முடிவு செய்வது நிலம் எங்கே இருக்கிறது, எப்படிக் கிடக்கிறது என்பதுதான். தாள் தொடும் இடத்தில் பிழை இல்லை. விலக விலகக் கூடும். ஆகவே தொடும் கோடு நிலத்தின் நடுவே, அதன் நீளவாக்கில் ஓட வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாட்டுக்கு நேர் உருளை. நடு அட்சங்களில் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் கூம்பு. தென்வடலாக நீளும் சிலிக்கு உருளையைப் படுக்கப் போடும் குறுக்கு மெர்க்கேட்டர். அண்டார்டிகாவுக்குத் தளம். இலங்கையின் தேசியக் கட்டமும் குறுக்கு மெர்க்கேட்டர்தான். அதன் நடுத் தீர்க்கம் பிதுருதலாகலை மலையின் வழியாகப் போகிறது. மலாய் தீபகற்பம் இதில் எதற்கும் அடங்காமல் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து கிடக்கிறது. அதற்காக மார்ட்டின் ஹாட்டின் 1940களில் உருளையையே சாய்த்து வைத்துச் சூத்திரம் எழுதினார். நிலத்தைச் சட்டத்துக்குள் திணிக்காமல் சட்டத்தை நிலத்துக்கேற்ப வளைத்தார்கள். சாய்ந்த மெர்க்கேட்டர் என்று அது இன்றும் மலேசியாவில் புழங்குகிறது.

தாள் பூமியைத் தொடுவதற்குப் பதில் கொஞ்சம் உள்ளே வெட்டிப் போனால் பிழையில்லாத கோடு ஒன்றுக்கு இரண்டாகக் கிடைக்கும். பிழையும் இரு பக்கமும் பங்காகும். நல்ல கூம்புச் சட்டங்கள் எல்லாமே இப்படித்தான். இந்தியாவுக்கு வரும்போது இதைச் செய்து காட்டுகிறேன்.

ஒரே நிலத்துக்கு ஒரே சட்டம் என்றும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் தன் அலுவல் வேலைக்கு மூன்று வைத்திருக்கிறது. புள்ளிவிவர வரைபடங்களுக்கு 52 டிகிரி வடக்கு, 10 டிகிரி கிழக்கை மையமாகக் கொண்ட, பரப்பு மாறாத லாம்பெர்ட் தளச் சட்டம். கண்டம் முழுவதையும் காட்டும் சிறிய அளவை வரைபடங்களுக்கு, கோணம் மாறாத லாம்பெர்ட் கூம்பு. ஐந்து லட்சத்தில் ஒன்றைவிடப் பெரிய அளவைகளுக்குக் குறுக்கு மெர்க்கேட்டர். எந்த வேலைக்கு எது என்று எழுதியே வைத்துவிட்டார்கள். நம் செய்தியறை ஒவ்வொன்றிலும் இப்படி அரைப் பக்கக் குறிப்பு ஒன்று சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

மெர்க்கேட்டரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. 1569இல் மெர்க்கேட்டர் என்பவர் வெளியிட்ட உலக வரைபடத்தின் தலைப்பே அது கடலோடிகளின் பயன்பாட்டுக்கு என்று சொல்கிறது. திசைமானியில் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு போகும் கப்பலின் பாதை அதில் நேர்கோடாக விழும். அதற்காகவே தீர்க்கக்கோடுகளை இணையாக நிறுத்தினார். ஓர் அட்சத்தில் கிழக்கு மேற்காக எவ்வளவு இழுபடுகிறதோ அதே அளவுக்குத் தெற்கு வடக்காகவும் இழுத்தார். இரண்டு பக்கமும் இழுப்பதால் பரப்பு அந்த மடங்கின் வர்க்கமாகப் பெருகுகிறது: 60 டிகிரியில் நீளம் இரு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. கப்பல் மாலுமிக்கு இதனால் நட்டமில்லை. கூகுள் 2005இல் தன் வரைபடத்தைக் கொண்டுவந்த பிறகு அதே சட்டம் கொஞ்சம் மாற்றத்தோடு இணையம் முழுக்கப் பரவியதற்கும் நியாயம் உண்டு. தெரு அளவுக்கு உள்ளே போனால் சந்திப்புகள் சரியான கோணத்தில் தெரியும், எந்த ஊரிலும் வடக்கு மேலேயே இருக்கும், படத்தைச் சதுரச் சதுரமாக வெட்டி அனுப்பவும் வசதி. திருவல்லிக்கேணியில் வழி தேடுகிறவருக்கு அதைவிட நல்லது இல்லை. வழி காட்டப் பிறந்ததைக் கொண்டு நாட்டை எடைபோடுவதில்தான் தப்பு இருக்கிறது.

புயல் வரைபடத்துக்கும் மெர்க்கேட்டரே போதும், அதை மாற்ற வேண்டாம். வங்கக் கடலில் புயல் எந்தத் திசையில் நகர்கிறது, காற்று எந்தக் கோணத்தில் வீசுகிறது என்பதுதான் அங்கே செய்தி. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளுக்கு வானிலைக்காரர்களும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். சென்னையின் அட்சத்தில் தூரம் 3 விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் பிசகுகிறது.

தமிழ்நாட்டு மாவட்ட வரைபடத்துக்காகவும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 8 டிகிரியிலிருந்து 13½ டிகிரி வரைதான் நம் மாநிலம். மெர்க்கேட்டரிலேயே போட்டாலும் குமரிக்கும் திருவள்ளூருக்கும் பரப்பில் வரும் வேறுபாடு 4 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. பரப்பையோ தூரத்தையோ கணக்கிடும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். யூடிஎம் எனப்படும் குறுக்கு மெர்க்கேட்டர் கட்டத்தின் மண்டலங்கள் 78 டிகிரி கிழக்கில் நம் மாநிலத்தை இரண்டாகப் பிரிக்கின்றன: கோவை 43ஆம் மண்டலத்தில், மதுரை 44இல். இரண்டு மாவட்டத் தரவுகளை வெவ்வேறு மண்டலத்தில் வாங்கி ஒட்டினால் அவை சேராது. ஒரே மண்டலத்துக்கு மாற்றிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

அகில இந்திய வரைபடத்துக்கு வருவோம். இங்கேதான் உங்கள் முடிவு நேரடியாக வாசகர் கண்ணில் விழுகிறது.

வேண்டியது பரப்பு மாறாத கூம்பு. 1805இல் ஹைன்ரிக் ஆல்பர்ஸ் வெளியிட்டது. அமெரிக்க வரைபடங்களில் நெடுங்காலமாக இருப்பது. இரண்டு வெட்டுக்கோடுகளை எங்கே வைப்பது என்பதற்கு வரைபடக்காரர்களிடம் ஒரு பழைய கைக்கணக்கு உண்டு: நிலத்தின் தென்கோடிக்கும் வடகோடிக்கும் இடையிலுள்ள அட்ச நீளத்தில் ஆறில் ஒரு பங்கைக் கீழிருந்தும் மேலிருந்தும் உள்ளே தள்ளி வையுங்கள். இந்தியப் பெருநிலம் 8 டிகிரியிலிருந்து 37 வரை, ஆக 29 டிகிரி. அதில் ஆறில் ஒரு பங்கு கிட்டத்தட்ட 5. வெட்டுக்கோடுகள் 13லும் 32லும் விழும். நடுத் தீர்க்கத்துக்கு 68 டிகிரிக்கும் 97½ டிகிரிக்கும் நடுவே பாருங்கள்: 82½ டிகிரியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நம் கடிகாரம் ஓடும் இந்திய நேரத்தின் தீர்க்கமும் அதுவே. கியூஜிஐஎஸ் இலவச மென்பொருள். அதில் புதிய கோட்டுச்சட்டமாக இந்த மூன்று எண்களையும் ஒரு தடவை பதிந்து சேமித்தால் போதும், அலுவலகம் முழுவதும் பயன்படுத்தலாம். இணையத்தில் டி3 என்ற நிரல் தொகுப்பைக் கொண்டு வரைகிறவர்களுக்கும் ஆல்பர்ஸ் தயாராகவே இருக்கிறது, எண்களை மட்டும் மாற்றினால் போதும்.

படம் கொஞ்சம் புதிதாகத் தெரியும். தீர்க்கக்கோடுகள் மேலே போகப் போக நெருங்கும், குஜராத் ஒரு பக்கமும் அருணாசலம் மறு பக்கமும் லேசாகச் சாயும். "இந்தியா ஏன் இப்படி இருக்கிறது?" என்று செய்தி ஆசிரியர் கேட்டால், இந்தியா இப்படித்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். தரவுக் கோப்பில் இருக்கும் அட்ச, தீர்க்க எண்களை எந்தச் சட்டமும் கொடுக்காமல் அப்படியே கட்டத்தாளில் வைப்பதுபோல் வைத்துவிடுவது. சட்டம் எதுவும் இல்லை என்று தோன்றும். ஆனால் அதுவும் ஒரு கோட்டுச்சட்டம்தான், மிகப் பழையது, கி.பி. 100ஐ ஒட்டி வாழ்ந்த டயர் நகரத்து மரீனஸ் பயன்படுத்தியதாகத் தாலமி எழுதியிருக்கிறார். அதில் கிழக்கு மேற்கு மட்டும் இழுபடும். 34 டிகிரியில் அது 1.2 மடங்கு, வட இந்தியா தோள் அகன்று நிற்கும். பரப்பும் போச்சு, உருவமும் போச்சு.

வட்டங்களுக்கு வருகிறேன். அக்னி ஏவுகணைச் சோதனை நடக்கும்போதெல்லாம் ஒடிசா கரையை மையமாக வைத்து 5,000 கி.மீ. வட்டம் ஒன்று நம் இதழ்களில் வருகிறது. மெர்க்கேட்டர் வரைபடத்தின் மேல் வட்டக் கருவியை வைத்து அதை வரைந்தால் தவறு. அந்தச் சட்டத்தில் உண்மையான 5,000 கி.மீ. எல்லை வட்டமாகவே வராது: வடக்கே நீளும் தூரம் தெற்கே நீளும் தூரத்தைப்போல் ஏறத்தாழ 1.45 மடங்காக இருக்கும். 2003இல் 'தி எகனாமிஸ்ட்' வட கொரிய ஏவுகணைகளுக்கு மெர்க்கேட்டர் மேல் சுத்தமான வட்டங்களைப் போட்டு, பிறகு திருத்தி வெளியிட்டது. திருத்திய படத்தில் ஏவுகணை எட்டும் இடங்கள் முதல் படத்தைவிடப் பல மடங்கு விரிந்திருந்தன. ஒரு நாடு மிரட்டலுக்குள் இருக்கிறதா இல்லையா என்பதையே சட்டம் மாற்றிக் காட்டியது. ஏவுதளத்தை மையமாகக் கொண்ட தூரம் மாறாத் தளச் சட்டத்தை எடுத்துக்கொண்டால் வட்டம் வட்டமாகவே வரும், உண்மையாகவும் இருக்கும்.

விமானப் பாதையும் இப்படியே. டெல்லியிலிருந்து நியூயார்க்குக்குத் தட்டையான படத்தில் நேர்கோடு இழுத்தால் ஈரான், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் என்று போகும். பூமியின் மேல் மிகக் குறுகிய வழியோ 70 டிகிரி வட அட்சத்தை ஒட்டி ஆர்க்டிக் பக்கமாக ஏறி இறங்குகிறது.

உலக வரைபடத்தைப் பற்றி நிறையச் சண்டை நடந்திருக்கிறது. மெர்க்கேட்டரில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்காவில் பதினான்கு கிரீன்லாந்து அடங்கும். இந்தியாவே கிரீன்லாந்தைவிட ஒன்றரை மடங்கு பெரியது. 1973இல் ஆர்னோ பீட்டர்ஸ் இதற்கு மாற்று என்று ஓர் உருளைச் சட்டத்தை அறிவித்தார்; ஜேம்ஸ் கால் 1855லேயே சொன்னதுதான் அது. பரப்பு சரியாக இருந்தது, ஆப்பிரிக்காவும் தென்னமெரிக்காவும் துணி காய்வதுபோல் நீளமாகத் தொங்கின. 1989இல் வட அமெரிக்காவின் ஏழு புவியியல், வரைபட அமைப்புகள் செவ்வக உலக வரைபடங்களையே பொதுப் பயன்பாட்டிலிருந்து கைவிடக் கோரின. நேஷனல் ஜியாகிரஃபிக் சங்கம் 1988இல் ராபின்சன் சட்டத்துக்கும் 1998இல் விங்கெல் டிரிப்பெல் சட்டத்துக்கும் மாறியது. இவை இரண்டும் எல்லாப் பிழையிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்ட சமரசங்கள். சுவரில் மாட்ட அழகானவை, நிறம் பூச ஏற்றவை அல்ல. 2018இல் வந்த ஈக்வல் எர்த் பரப்பையும் காக்கிறது, பார்க்கவும் ராபின்சனைப் போல இயல்பாக இருக்கிறது. ஆப்பிரிக்க ஒன்றியம் 2025இல் மெர்க்கேட்டரைக் கைவிடச் சொல்லும் இயக்கத்தின் பக்கம் நின்றது. உலகத் தரவு எதுவானாலும் நீங்களும் ஈக்வல் எர்த்தை எடுத்துக்கொள்ளுங்கள். கியூஜிஐஎஸ்ஸில் அது ஏற்கெனவே இருக்கிறது.

நேர நெருக்கடியில் வேலை செய்கிறீர்கள். இரவு பத்து மணிக்கு முடிவு வரும், பத்தரைக்குப் பக்கம் போக வேண்டும். அதனால்தான் முன்கூட்டியே செய்துவைக்கச் சொல்கிறேன். இந்தியாவுக்கு ஓர் ஆல்பர்ஸ், உலகத்துக்கு ஓர் ஈக்வல் எர்த், வட்டம் போட ஒரு தூரம் மாறாச் சட்டம். மூன்று வார்ப்புருக்களைச் சேமித்துவைத்தால் அடுத்த தேர்தலுக்கு யாரும் யோசிக்க வேண்டியதில்லை.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. வரைபடத்தின் கீழே தரவு எங்கிருந்து வந்தது என்று சின்ன எழுத்தில் போடுகிறீர்களே, அதே வரியில் கோட்டுச்சட்டத்தின் பெயரையும் போடுங்கள். பெயரைப் போட வேண்டும் என்றால் அதை நீங்கள் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வரைபடங்களைக் கூர்ந்து பார்க்கும் வாசகர் ஒருவர்